அந்துருண்டை எலக்ட்ரான்கள்

டோம்பிவிலி வீட்டில் அம்மாவின் டிரங்குப் பெட்டியை இன்றுதான் திறந்தேன். அவள் இறந்த பிறகு யாரும் தொடாத பெட்டி. மேலே கிடந்த சேலையை உதறியதும் அந்துருண்டை வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. தாராவியின் ஒற்றை அறை வீட்டில் மறுபடி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையாக நின்றேன்.

பள்ளிக் கண்காட்சிக்கு அணு மாதிரி ஒன்று செய்யவேண்டும். கோள்கள் சூரியனைச் சுற்றுவதுபோல எலக்ட்ரான்கள் வட்டப் பாதையில் சுற்றும் என்றது பாடப்புத்தகம். நடுவே ஒரு கோலிக்குண்டு, சுற்றிலும் என் வளையலும் அம்மாவின் வளையலும். எலக்ட்ரானுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. மழைக்காலத்தில் துணி, பாய், ரேஷன் கார்டு என்று எதையும் விடாமல் அந்துருண்டை போடுகிற அம்மா, அதையே கை நிறைய அள்ளிக் கொடுத்தாள்.

கண்காட்சி முடிந்ததும் அணுவை ஜன்னலில் தொங்கவிட்டேன். மழைக்காலம் ஓய்ந்தபோது கோலிக்குண்டும் வளையல்களும் மட்டுமே மிச்சம்.

"எலக்ட்ரான் எல்லாம் போயிருச்சும்மா!" என்று தெருவுக்கே கேட்க அழுதேன்.

"ஏட்டி, எங்க போச்சு? வீடு பூரா மணக்குல்லா!" என்றாள் அம்மா, தோசையைத் திருப்பிக்கொண்டே.

கல்லூரிக்குப் போனபோது அந்தப் பாடத்தையே திருத்தினார்கள். எலக்ட்ரானுக்கு வட்டப் பாதையே கிடையாதாம். இங்கேதான் இருக்கிறது என்று காட்ட முடியாதபடி, மேகம்போலப் பரவியிருக்குமாம். வகுப்பே விழித்தது. எனக்கு மட்டும் அந்துருண்டை மணத்தது.

மகள் பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவினாள். "நாப்தலின் கோலி ஒண்ணுகூட இல்ல மம்மி, எல்லாம் போச்சு. பெட்டிய பழைய சாமான் எடுக்குற பங்கார்வாலாக்குக் குடுத்துரலாமா?"

நான் பேசுவதை விட்டுப் பல வருஷமான ஊர்ப் பேச்சு, தானாக வாயில் வந்தது.

"ஏட்டி, எங்க போச்சு? வீடு பூரா மணக்குல்லா!"