நாலரை டன் இழுக்கும் வண்டி

சிட்னியிலிருந்து மெல்பர்ன் போகும் நெடுஞ்சாலையோரம் நிற்கிறோம். சிட்னியின் மெரிலேண்ட்ஸ் பகுதியில் வசிக்கும் நண்பர் குமரன் வாங்கியிருக்கும் பிக்கப் டிரக்கில் ஏற எனக்கு இப்போதும் இரண்டு முயற்சிகள் தேவைப்படுகின்றன. ‘இவ்வளவு பெரிய வண்டி எதுக்கு?’ என்று அவர் மனைவி கேட்டதிலிருந்து, கண்ணில் படுகிறவரிடமெல்லாம் குமரன் அதன் இழுவைத் திறனை விளக்கி வருகிறார்.

இப்போது சிக்கியிருப்பவர், தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் ஈழத்துப் பெரியவர். ‘யூட்’ என்று இங்கே சொல்லும் அவருடைய பழைய சிறிய பிக்கப் வண்டியின் பின்னால், படுத்துறங்க வசதியுள்ள ஒரு கேரவன் மாட்டியிருக்கிறது.

“நாலரை டன் இழுக்கும் அங்கிள். உங்களுது?”

“தெரியாது தம்பி. இதை இழுக்குது.”

“மேட்டுல திணறாதா?”

“திணறும். பிறகு ஏறும். வேணுமெண்டால் என்ர கரவானை உங்கட வாகனத்தில கொழுவிப் பாருங்கோவன். அந்த மேடு மட்டும்.”

குமரனின் முகம் மாறுகிறது. பெரியவர் டிரக்கின் பின்புறம் போய், கேரவனை மாட்டுவதற்கான இரும்புக் குண்டைக் குனிந்து பார்க்கிறார். அதன் உச்சியில் சந்தனமும் குங்குமமும் கலையாமல் இருக்கின்றன.

“இது எப்ப வச்சது தம்பி?”

“போன ஆயுத பூஜைக்கு அங்கிள். அழிச்சா வீட்ல திட்டுவாங்க.”

“ஓம் ஓம், அழிக்கப்படாது,” என்கிறார் அவர், சிரிக்காமல்.

மேட்டில் பழைய யூட் கேரவனோடு முனகிக்கொண்டு ஏறுகிறது. பின்னால் போகும் குமரனுக்கு அதை முந்த மனம் வரவில்லை. நாலரை டன் இழுக்கும் வண்டி இன்று இழுப்பது என்னை மட்டும்தான். வழிக்குக் கொண்டுவந்ததில் மிச்சமிருந்த முறுக்கையும் தின்று, என்னாலான பாரத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன்.