நேர்கோட்டுப் பலராமன்

ஒரகடத்தில் வளையாதவை மூன்று. ஒன்று கம்பெனி காம்பவுண்டுச் சுவர். இரண்டு, நாற்பதடி கன்டெய்னர் லாரி. மூன்று, பலராமனின் சந்தேகம். இதில் லாரியாவது வல்லக்கோட்டை கூட்டு ரோட்டில் கொஞ்சம் திரும்பும்.

பலராமனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பேருந்துக்கு பம்பரும் சீட்டுச் சட்டமும் செய்யும் ஒரு நடுத்தரக் கம்பெனியில் 'டைம் ஸ்டடி' பார்க்கிறார். ஒரு தொழிலாளி ஒரு காரியத்தை எத்தனை நொடியில் முடிக்கிறான், அதற்காக எத்தனை அடி நடக்கிறான் என்று அளந்து எழுதுவது அவர் உத்தியோகம். கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் அட்டை, காதில் பென்சில். ஒருவன் நாள் முழுக்க நடக்கிற வழியைத் தாளில் கோடாக இழுத்தால் வரும் சிக்கலுக்கு, பயிற்சி கொடுக்க வந்த வெள்ளைக்காரர் தம் ஊர்ப் பலகாரம் ஒன்றின் பேரைச் சொன்னார். லைனில் அது அன்று சாயந்திரத்துக்குள் இடியாப்பப் படம் ஆகிவிட்டது. பலராமன் இதுவரை வரைந்த இடியாப்பங்கள் நானூற்றுப் பதினேழு. அத்தனையிலும் அவர் கண்டுபிடித்த உண்மை ஒன்றுதான்: நேராகப் போகாதவன் எதையோ மறைக்கிறான்.

இந்த உண்மையை அவர் வீட்டிலும் பரிசோதித்தார்.

"கல்லுக்கும் மாவுச் சட்டிக்கும் நடுவுல இன்னாத்துக்கு நாலு வாட்டி போற?" என்று கேட்டார், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"மூணு வாட்டி தோசைக்கு. நாலாவது வாட்டி உன் தலையில ஊத்தறதுக்கு" என்றாள் மனைவி செந்தாமரை.

பதிலில் ஒரு ஒளிவுமறைவும் இல்லாததால் பலராமன் அந்த விசாரணையை அத்துடன் முடித்துக்கொண்டார்.

ஆனால் கம்பெனியில் அவர் பென்சிலுக்கு வலு இருந்தது. தை மாதம் கான்ட்ராக்ட் ஆட்களின் பட்டியல் எச்.ஆரிலிருந்து வரும். பெயருக்கு எதிரே 'பலராமன் குறிப்பு' என்று ஒரு கட்டம். அதில் 'விரயம்' என்று நாலெழுத்து விழுந்தால், மாதக் கடைசியில் அந்த ஆளின் கேட் பாஸ் வேலை செய்யாது. இந்த வருடம் பதினோரு பெயர். பத்துக் கட்டங்களை நிரப்பிவிட்டார். பதினோராவது அய்யாத்துரை.

அய்யாத்துரை வேம்பார் பக்கம், கடலோரத்து ஆள். நாற்பத்தேழு வயது. டாக் வெல்டர். அதாவது, தகடுகளை முழுசாகப் பற்றவைப்பதற்கு முன்னால் நகராமல் இருக்க அங்கங்கே நெருப்புப் பொட்டு வைத்துக்கொண்டு போகிறவர். மூன்று வருடம் இருங்காட்டுக்கோட்டையில் ஒரே அறையில் ஐந்து பேரோடு கிடந்துவிட்டு, இப்போதுதான் தனி வீடு பார்த்து, மனைவியையும் மகளையும் கூட்டிவந்து, மகளை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார். கேட் பாஸ் போனால் மூட்டை முடிச்சோடு திரும்பவும் வேம்பார்தான். அது அவருக்கும் தெரியும், பலராமனுக்கும் தெரியும். அவர் மேல் எழுதுவதற்கு இதுவரை ஒன்றும் சிக்கவில்லை என்பதே பலராமனுக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் படகு வந்தது.

பம்பர் செய்யும் ஃபைபர் அச்சிலேயே படகும் வார்க்கலாம் என்று மார்க்கெட்டிங்கில் யாரோ வாயை விட்டிருக்கிறார்கள். ஒரு பாய்மரப் பயிற்சிப் பள்ளி பத்து சின்னப் படகுகளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டது. இன்ஜின் கிடையாது, ஒரு பாய், ஒரு சுக்கான். முதல் படகை ஏரியில் ஓட்டிக் காட்ட வேண்டும். தெற்கே உபரிநீர் வழியும் கலங்கலில் புறப்பட்டு, வடக்கே மதகுக்கு முன்னால் மிதக்கும் சிவப்பு டிரம்மைத் தொட வேண்டும். தூரம் அறுநூறு மீட்டர், நேரம் முப்பது நிமிடம். அதுவும் வாடைக்காற்றுக்கு எதிராக.

சோதனைத் தாளில் 'டாக்: குறைந்தது ஆறு' என்று ஒரு வரி இருந்தது. பலராமன் பாய்மரத்தின் அடிச்சட்டத்தைக் கவிழ்த்துப் பார்த்து வெல்டிங் பொட்டுகளை எண்ணினார். ஒன்பது. மூன்று அதிகம் என்று குறித்துக்கொண்டார். அது அந்த டாக் இல்லை, காற்றில் படகைப் பக்கம் மாற்றித் திருப்புவதற்கும் அதே பேர்தான் என்று பயிற்சிப் பள்ளியிலிருந்து போனில் சொன்னார்கள். துணியைத் தைப்பதற்கு முன் ஓட்டுத்தையல் போடுவதற்கும் அதே பேர் என்று தையல் மெஷின் வைத்திருக்கும் செந்தாமரை சொன்னாள். ஒரே பேரில் மூன்று பேர் மூன்று இடத்தில் வேலை பார்த்தால் அதற்குக் கம்பெனியில் ஆள்மாறாட்டம் என்று பெயர். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தார்.

"பாய்ப்படகு ஓட்டத் தெரிந்தவர் யாராவது உண்டா?" என்று மேனேஜர் ஷிஃப்ட் கூட்டத்தில் கேட்டபோது அய்யாத்துரை கையைத் தூக்கினார்.

பலராமன் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். இருபத்திரண்டு வருட சர்வீஸில், ஓவர்டைம் இல்லாத காரியத்துக்கு ஒருவன் தானாகக் கை தூக்கி அவர் பார்த்ததில்லை.

ஒத்திகை நாளில் ஏரிக்கரை மேல் அட்டையோடு நின்றார். ஏரி நிறைந்து கிடந்தது. வடக்கேயிருந்து காற்று நெற்றியில் அடித்தது. அய்யாத்துரை படகைத் தள்ளி ஏறி, பாய்க்கயிற்றை இழுத்தார். படகு புறப்பட்டது. டிரம் இருப்பது வடக்கே. படகு போனதோ வடகிழக்கே, கரையோரத்துக் கருவேலம் புதரைப் பார்த்து.

'புதருக்குள் யார்?' என்று எழுதினார் பலராமன்.

புதரைத் தொடும் நேரத்தில் படகு சட்டென்று திரும்பியது. பாய் மறுபக்கம் விழுந்தது. இப்போது வடமேற்கே, எதிர்க்கரை கோரைப் புல்லைப் பார்த்துப் போனது.

'கோரையில் கூட்டாளி?'

மறுபடி புதர், மறுபடி கோரை. இருபத்திரண்டாவது நிமிடம் படகு டிரம்மைத் தொட்டபோது பலராமன் கையில் நானூற்றுப் பதினெட்டாவது இடியாப்பம் இருந்தது. ஓடியது ஆயிரத்து நூறு மீட்டர், தேவை அறுநூறு. ஐந்நூறு மீட்டர் பட்டப்பகலில் களவு போயிருக்கிறது.

திரும்பும்போது படகு காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு அம்பு மாதிரி வந்து கலங்கலில் நின்றது.

"வர சொல்ல நேரா வருது இல்ல? போவ சொல்ல இன்னா கோணல்?" என்றார் பலராமன்.

"வரும்போ காத்து கூட வருது அண்ணாச்சி. போவும்போ எதுக்க நிக்கி. எதிர்க்காத்துல நேரா போவ முடியாது. சாய்ஞ்சு சாய்ஞ்சுதான் ஏறணும்."

"யாரு சொன்னது?"

"காத்துதான்."

"காத்துக்கு எம்ப்ளாயி நம்பர் கீதா? கையெழுத்து போட்டுக் குடுக்குமா?"

"அதெல்லாம் போடாது. நீங்க வேணா ஒருக்கா ஏறிப் பாருங்க அண்ணாச்சி."

'என்னை ஏரிக்குள் அழைக்கிறான்' என்று பலராமன் எழுதிக்கொண்டார். ஆனாலும் அன்று மாலையே செயல்முறைத் தாள் ஒன்று தயாரித்தார். கலங்கலிலிருந்து டிரம்முக்கு ஸ்கேல் வைத்து ஒரு கோடு. கீழே: 'படகு இக்கோட்டை விட்டு விலகக் கூடாது.' மேனேஜர் ஸ்கேல் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பயிற்சிப் பள்ளியிலிருந்து கவியா என்ற பெண் வந்தாள். வெயிலில் கறுத்த முகம், இருபத்தெட்டு வயதிருக்கும். அவள் 'தேறியது' என்று எழுதினால்தான் மிச்சம் ஒன்பது படகுக்கும் ஆர்டர் உறுதி. செயல்முறைத் தாளை வாங்கிப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"சார், இது யார் போட்ட கோடு?"

"நான்தாம்மா."

"நீங்களும் படகுல போறீங்களா?"

"கோட்டைப் பாத்துக்க ஆள் வேணாமா?"

"கட்டாயம் போங்க சார்" என்றாள், முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல். பலராமன் அவளையும் குறித்துக்கொண்டார்.

கம்பெனி விதிப்படி மஞ்சள் ஹெல்மெட், பாதுகாப்பு பூட்ஸ், அதன் மேல் ஆரஞ்சு மிதவைச் சட்டை என்று சகல மரியாதைகளோடும் பலராமன் ஏறி உட்கார்ந்தார். கரையில் மேனேஜர், கவியா, ஆடு மேய்க்க வந்த நாலைந்து பேர். கவியா கையைக் கீழே வீசினாள். ஸ்டாப்வாட்ச் அமுங்கியது.

கரையை விட்டுக் கொஞ்ச தூரம் விலகியதும், "நேரா" என்றார் பலராமன்.

"அண்ணாச்சி, இன்னைக்கு வேண்டாமே. என் பேரு இன்னும் உங்க தாளுலதான் கிடக்கு. இது தோத்தா என் சோலி முடிஞ்சுது."

"அதான் சொல்றேன். நேரா."

அய்யாத்துரை படகின் மூக்கை டிரம்முக்கு நேரே திருப்பினார். பாய் ஈரத்துணி உதறுவது போலப் படபடவென்று அடித்துக்கொண்டது. படகு நின்றது. நின்றது மட்டுமில்லை, மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்தது. பாயின் அடிக்கழி இப்படியும் அப்படியும் ஆடி, மூன்றாவது ஆட்டத்தில் ஹெல்மெட்டில் 'டொக்' என்று ஒன்று வைத்தது. பாதுகாப்பு விதிகளின் அருமை அன்றுதான் பலராமனுக்கு மண்டையில் ஏறியது.

"வேணும்னே பண்ற நீ! டபாய்க்கிறியா? குடு, சுக்கானை நான் புடிக்கிறேன்."

அய்யாத்துரை சுக்கானைக் கொடுத்துவிட்டு இடம் மாறிக்கொண்டார்.

பலராமன் பிடித்தார். இருபத்திரண்டு வருட நேர்மையையும் கையில் திரட்டிப் பிடித்தார். படகு நேராகத்தான் போனது, பின்பக்கமாக. ஸ்கேலில் போட்ட கோட்டின் மேலேயே, ஓர் அங்குலம் விலகாமல், தெற்கே போய்க் கலங்கல் கல்லில் முட்டி நின்றது.

"இன்னாபா, வூட்டுக்கே ரிவர்ஸ்ல போயிடுவீங்க போலக்கீதே!" என்று கரையில் ஆட்டுக்காரர் ஒருவர் கத்தினார்.

பதினோரு நிமிடம் போயிருந்தது. பலராமன் சுக்கானைப் பார்த்தார். அதில் இருப்பது அவர் கை. அய்யாத்துரை எட்டி உட்கார்ந்திருக்கிறார்; புதரிலும் கோரையிலும் யாரும் இல்லை. சந்தேகப்படுவதற்குப் படகில் மிச்சம் இருந்தது ஒரே ஓர் ஆள்தான். அந்த ஆள் ஹெல்மெட் போட்டிருந்தார்.

அப்போதுதான் போன வருடத்துக் கங்கம்மாள் நினைவுக்கு வந்தாள். பெயின்ட் ஷாப் கூட்டுகிறவள். வாசலிலிருந்து நேராகக் கூட்டாமல் சுவரோரமாகவே சுற்றிச் சுற்றி வருவாள். 'ராட்சச ஃபேன் காத்து எதுக்க அடிக்குது சார், நேரா கூட்டினா குப்ப மூஞ்சிக்கே வருது' என்று அவள் சொன்னதை அவர் கேட்டுக்கொண்டேதான் 'விரயம்' என்று எழுதினார். அவள் போன பிறகு வந்தவன் நேராகத்தான் கூட்டுகிறான். பெயின்டில் தூசி என்று இரண்டு லாட் பம்பர் திரும்பி வந்தது. அதற்குப் பலராமன் பெயின்ட் சப்ளையரைச் சந்தேகப்பட்டிருந்தார்.

"அண்ணாச்சி, பத்தொம்போது நிமிசம் இருக்கு. நான் ஓட்டட்டுமா?" என்றார் அய்யாத்துரை.

பலராமன் சுக்கானை விட்டார். "உன் இஷ்டம். நான் ஒண்ணும் பாக்கல."

"பாக்காம இருந்தா சரிப்படாது. நான் 'குனி'ன்னு சொன்னா குனியணும். சொன்ன பக்கம் போயி உக்காரணும். நீங்கதான் இப்பம் எடைக்கல்லு."

படகு புதரைப் பார்த்துச் சாய்ந்தது. ஒரு பக்கம் தண்ணீரைத் தொட, மறுபக்கம் விளிம்பில் பலராமன் தொற்றிக்கொண்டார். "குனிங்க!" கழி தலைக்கு மேலே போனது. நாலு காலால் தவழ்ந்து எதிர்ப்பக்கம் போனார். "இன்னும் வெளிய சாயிங்க, அண்ணாச்சி! உங்க வீட்டுச் சாப்பாடு வீண் போவலன்னு காட்டுங்க!" மறுபடி "குனிங்க!" இப்படி ஆறு தடவை. அந்தப் படகில் தேவையில்லாமல் அதிக தூரம் நடந்தவர் யார் என்று இடியாப்பப் படம் போட்டிருந்தால், கம்பெனி சரித்திரத்திலேயே பெரிய இடியாப்பம் பலராமனுடையதாக இருந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு சாய்வுக்கும் டிரம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அதை அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். நேராகப் பார்க்க மானம் விடவில்லை.

இருபத்தொன்பது நிமிடம் நாற்பது நொடியில் படகின் மூக்கு டிரம்மை இடித்தது.

கவியா சோதனைத் தாளில் 'தேறியது' என்று எழுதினாள். "ஓட்டினவர் பிரமாதம். மிச்ச ஒன்பதுக்கும் இவரே வரணும்" என்று மேனேஜரிடம் சொன்னாள். மேனேஜர் பலராமன் பக்கம் திரும்பினார். ஈரக் கால்சட்டையோடு நின்றவரிடம் எச்.ஆர். பட்டியலை நீட்டி, "இவர் ஒருத்தர்தான் பாக்கி. இன்னைக்கே வேணும்" என்றார்.

அய்யாத்துரை பாயைச் சுருட்டுகிறவர் போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சுருட்டிய பாயையே திரும்பவும் சுருட்டினார்.

பலராமன் பென்சிலை எடுத்தார். 'நல்லவர்' என்று எழுதலாம். ஆனால் அந்தக் கட்டத்தில் அப்படி ஒரு சொல் அதுவரை விழுந்ததில்லை, எச்.ஆரில் பார்த்தால் பலராமன் எவ்வளவு வாங்கினார் என்று விசாரணை வைப்பார்கள். அவராக இருந்தால் வைப்பார். வெகுநேரம் யோசித்து எழுதினார்:

'பாதை கோணல். காரணம் காற்று. காற்றின் திசை சரிசெய்யப்படும் வரை இவர் தேவை.'

எச்.ஆர். கணினி அதை ஏற்றுக்கொண்டது. குறை என்று ஒன்று பதிவானால் அதைத் திருத்துகிறவர் பெயரும் முடிக்கும் தேதியும் வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. பொறுப்பு என்ற இடத்தில் பலராமன் தம் பெயரையே கொடுத்தார். தேதிக்கு, அந்தக் கணினி அனுமதித்த கடைசி தேதியைக் கேட்டு வாங்கிப் போட்டார். அதற்குள் அய்யாத்துரையின் மகள் காலேஜ் முடித்திருப்பாள்.

"ஏன் அண்ணாச்சி, நெசமாவே காத்தத் திருத்தப் போறியளா?" என்று கேட்டார் அய்யாத்துரை, கேன்டீன் வரிசையில்.

"ஆடிட்ல கேட்டா வேலை நடந்துகினு கீதுன்னு சொல்லு" என்றார் பலராமன். பிறகு குரலைத் தாழ்த்தி, "பெயின்ட் ஷாப்ல இருந்துச்சே கங்கம்மா, அது இப்ப எங்க கீதுன்னு உனக்குத் தெரியுமா?"

அய்யாத்துரை அவரை ஏற இறங்கப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் பலராமன் ஒருவரைத் தேடுகிறார் என்றால், அதில் ஏதோ இருக்க வேண்டும்.

"எதுக்குக் கேக்கிய?" என்றார், சந்தேகமாக.