மூச்சுக்கு இரண்டு ஷிப்ட்

'டப்' என்று நாய்க்குட்டி குரைத்தாற்போல ஒரு சத்தம். கல்லூரி ஆய்வகத்தில் ஹைட்ரஜன் குழாயின் வாயில் தீக்குச்சியைக் காட்டியபோது கேட்டது. ஐம்பது வருடமாகக் காதில் இருக்கிறது. ஆக்சிஜன் அப்படிக் குரைக்காது. அதைச் சிலிண்டரில் வாடகைக்கு விடும் என் தொழிலில், சத்தமெல்லாம் வாங்குகிறவர்களின் நெஞ்சிலிருந்துதான். வீட்டில் சிலிண்டரை வைத்துக்கொண்டு மீட்டர் முள்ளையே பார்த்திருப்பவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

இறங்கிய முள்

மார்கழி விடியலில் தங்கச் சுரங்கக் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸிலிருந்து அஞ்சலை கடைக்கு வந்தாள். அவள் கணவர் முனுசாமி அண்ணன் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்; கல்தூசி நுரையீரலில் தங்கிவிட்டது. நேற்று மதியம் வெயிலில் இறக்கிய புது சிலிண்டர். அவருக்கு இன்னும் போடவேயில்லை, அதற்குள் முள் இறங்கிவிட்டதாம். காஸ் எங்கும் போகவில்லை, குளிரில் அழுத்தம் குறையும், வெயில் ஏறினால் முள்ளும் ஏறும் என்றேன். அஞ்சலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"குளுருக்கு நாம சுருண்டு படுக்கறோம், சரி. இரும்புக்குள்ள கீற காஸுக்கு இன்னாக்கா கேடு?"

தட்டிப் பார்த்தல்

முனுசாமி அண்ணன் முள்ளை நம்புவதில்லை. ஸ்பானரால் சிலிண்டரைத் தட்டி, தலை சாய்த்துக் கேட்பார். வாயு தட்டலுக்குப் பதில் சொல்லாது என்றேன்.

"சுரங்க ஷாப்ட்டுல மீட்டர நம்பி எவனும் ஒக்காரலம்மா. தலைக்கு மேல பாறைய தட்டிப் பாத்துதான் ஒக்காந்தோம்."

செகண்ட் ஷிப்ட்

முனுசாமி அண்ணனின் பக்கத்து வீட்டுக் கண்ணியப்பன் அவரோடு ஒரே கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர், அதே நோய். செவ்வாய்க்கிழமை அவர் மகள் சிலிண்டர் கேட்டு வந்தாள். அவசரத்துக்கென்று ஒன்றைப் பின்னறையில் எப்போதும் வைத்திருப்பேன். அதை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், வெள்ளிக்கிழமை வரும் என்று அனுப்பிவிட்டேன்.

வியாழன் காலை அஞ்சலை வீட்டுக்குப் போனேன். சிலிண்டரின் குழாய் இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவரைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போயிருந்தது. அந்த வீட்டில் எட்டிப் பார்த்தேன், முகமூடி கண்ணியப்பன் முகத்தில். இந்தப் பக்கம் முனுசாமி அண்ணன், நீலம் பாரித்த உதட்டோடு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நாள் முழுக்க வைக்கச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கிறாரே என்று கத்தியபடி குழாயை இழுக்கப் போனேன். என் கையைத் தள்ளிவிட்டார்.

"அவன் பர்ஸ்ட் ஷிப்ட், நான் செகண்ட். ரெண்டு மணிக்குத்தாம்மா மாத்தறது. நடுவுல அவன் மேல ஏறி வந்தா மேஸ்திரி அவனுக்கு ஆப்சென்ட் போட்ருவான்."

அவசரத்துக்கென்று நான் பத்திரப்படுத்திய சிலிண்டர் இரண்டு நாள் தாமதமாக அன்று கண்ணியப்பன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கண்ணியப்பன் இருக்கிறார், முனுசாமி அண்ணன் பொங்கலுக்கு நாலு நாள் முன்பு இறந்துபோனார்.