அடிவாங்கியை இறக்கிவைத்த தனலெட்சுமி

தனலெட்சுமி இறந்துபோன செய்தி, திருவிடைமருதூரில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்தது. அழைத்தவர் சேகர். தஞ்சாவூருக்கு வெளியே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் தனலெட்சுமிக்குக் கீழே ஓடம் இயக்கிக்கொண்டிருந்தவர். "சார், மேடம் போயிட்டாங்க சார். டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போக ஆட்டோ வந்து நிக்குது, இவங்க எழுந்திரிக்கவே இல்ல" என்றார். பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. இலையை மூடிவிட்டு எழுந்தேன். பக்கத்தில் இருந்தவர், "யாரு, சொந்தமா?" என்று கேட்டார். "தெரிஞ்சவங்க" என்றேன். மன்னார்குடி பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு அந்தச் சொல் உறுத்தியது. நண்பர் என்று ஏன் வாயில் வரவில்லை? அந்த உரிமை எனக்கு உண்டா என்பது இன்றும் எனக்கு நிச்சயமில்லை.

இதைப் படிப்பவர்களில் பலர் அவரை மன்னார்குடிப் பட்டறையில்தான் பார்த்திருப்பீர்கள். திருவிழா ராட்டினங்களுக்கு அச்சும் பேரிங்கும் மாற்றித் தருகிற, சத்தமாகச் சிரிக்கிற, பூப்போட்ட புடவைக்கு மேல் காக்கிச் சட்டை போட்ட அம்மா. அதற்கு முன்னால் அவர் வேலை பார்த்த பூங்காவைப் பற்றி நான் சொல்ல வேண்டும். ஏனென்றால் அங்கிருந்து அவர் வெளியேறியதில் எனக்கும் பங்கு உண்டு.

நில உச்சவரம்புச் சட்டம் வந்து, அறுவடைக் கூலிக்காக ஊருக்கு ஊர் கொடி ஏறியிருந்த எழுபதுகளில், ஒரு மிராசுதார் குடும்பம் சாகுபடியே வேண்டாம் என்று தஞ்சாவூருக்கு வெளியே தங்கள் மேட்டு நிலத்தில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவைத் தொடங்கியது. ராட்டினம், சறுக்கு மரம், குதிரைகள் எல்லாம் இருந்தன. ஆனால் கூட்டம் நின்றது காவிரி ஓடத்துக்குத்தான். நீளமான இருட்டுக் கொட்டகைக்குள் முழங்கால் அளவுத் தண்ணீர். அடியில் ஓடும் சங்கிலி ஓடங்களை இழுத்துப் போகும். குடகு மலையில் பஞ்சு மேகம், அணையில் நிஜமாகவே கொட்டும் தண்ணீர், கடைசியில் பூம்புகார்க் கடல். அங்கே பெரிய மின்விசிறி முகத்தில் உப்புத் தண்ணீரைத் தெளிக்கும்.

நடுவில் அறுவடைக் காட்சி வரும். குடைக்கடியில் நாற்காலி போட்டு மிராசுதார் பொம்மை உட்கார்ந்திருக்கும். ஆட்கள் குனிந்து அறுத்துக்கொண்டிருப்பார்கள். ஓரத்தில் ஒரு தென்னை மரத்தில் ஒரு கூலியாளைக் கட்டிவைத்திருப்பார்கள். மிராசுதாருக்காகப் பண்ணையைப் பார்க்கும் காரியக்காரர் பொம்மையின் கை சவுக்கோடு உயர்ந்து இறங்கும். இறங்கும் ஒவ்வொரு தடவையும் கட்டுண்டவனின் இரண்டு காலும் துள்ளும், "ஐயோ சாமி!" என்று ஒலிப்பெருக்கி கத்தும். ஓடம் முழுக்கச் சிரிப்பு வெடிக்கும். அந்தப் பொம்மைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அடிவாங்கி. பள்ளியில் படித்தபோது நானும் அந்தக் காட்சிக்காகவே அப்பாவை நச்சரித்து அங்கே போயிருக்கிறேன்.

தனலெட்சுமி எண்பதுகளின் நடுவில் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். வெட்டாற்றங்கரையில் ஒரு கூலிக் குடும்பத்துப் பெண். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவர். தினமும் காலையில் பூங்கா திறக்கும் முன் ராட்டினத்தில் முதல் ஆளாக அவரே ஏறி ஒரு சுற்று வருவார், கையில் டிபன் பாக்ஸோடு. மேலே போனதும் நிறுத்தச் சொல்லி அங்கேயே இட்லியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்குவாராம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவர் சொல்வதாக சேகர் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது: "ஆடுறது ஆடணும், ஆடக் கூடாதது ஆடக் கூடாது. அவ்வளவுதாங்க மெக்கானிக்கல்."

பெரிய முதலாளி இறந்து, மகன் பொறுப்புக்கு வந்த சமயம், எல்லா விளையாட்டுகளுக்கும் தனலெட்சுமி சூப்பர்வைசர் ஆனார். அந்த வருட அடைமழைக்கு ஓடத்தை மூடி, தை மாதம் திறந்தார்கள். இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். வழி நெடுக அவளுக்கு அடிவாங்கி கதைதான். உள்ளே போனால் மரமும் இல்லை, சவுக்கும் இல்லை, குடையும் இல்லை. வரப்பில் பொம்மைப் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஏதோ சொல்ல, மற்றவர்கள் தலையை ஆட்டிச் சிரித்தார்கள். "எங்கப்பா அடிவாங்கி?" என்று மகள் கேட்டாள். எனக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. யாரோ என் வீட்டுக்குள் புகுந்து ஒரு அறையைக் காலி செய்துவிட்டதைப் போல இருந்தது.

நான் அப்போது வங்கி எழுத்தராக இருந்தேன். வார இதழ் ஒன்றில் அவ்வப்போது எழுதுவேன். அந்த வாரமே ஒரு கட்டுரை எழுதி அனுப்பினேன். 'எங்கள் சிறுவயதைக் கட்டிவைத்திருந்த மரத்தை யாரோ வெட்டிவிட்டார்கள்' என்று அதில் ஒரு வரி. அந்த வரிக்காக எனக்கு நிறையப் பாராட்டு வந்தது. அந்த மரத்தில் வேறு யாரைக் கட்டிவைத்திருந்தார்கள் என்பது எழுதும்போது எனக்கு நினைவே வரவில்லை. வாசகர் கடிதங்கள் குவிந்தன. எல்லாருக்கும் அடிவாங்கி திரும்ப வேண்டும்.

முதலாளியின் மகன் தனலெட்சுமியைக் கூப்பிட்டு, பழைய பொம்மைகளை மறுபடி வைக்கச் சொன்னார். மோட்டார் எரிந்துவிட்டது என்றார் இவர். புது மோட்டார் வாங்கலாம் என்றார் அவர். பொம்மையை எலி கடித்துவிட்டது என்றார். சரிசெய்ய ஆள் இருக்கிறது என்று பதில் வந்தது. கடைசியில், "நான் வைக்க மாட்டேங்க" என்று சொல்லிவிட்டார். சூப்பர்வைசர் வேலையைப் பறித்து அவரை ராட்டினத்தில் ஆள் ஏற்றி இறக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். வெளியிலிருந்து ஒருவரை வைத்து அடிவாங்கியை மறுபடி கட்டினார்கள். 'பொதுமக்களின் அன்பு வேண்டுகோளுக்கு இணங்க' என்று வாசலில் பலகை வைத்தார்கள்.

இவையெல்லாம் தெரியாமல் நான் வெற்றிபெற்றவனைப் போல மகளோடு போனேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். முதலாளியின் மகன் என்னை வரவேற்று, கூடவே நடந்து வந்தார். ராட்டினத்தடியில் நின்ற பெண்ணிடம், "இந்த சார்தான் அந்தக் கட்டுரைய எழுதினவரு" என்று வேண்டுமென்றே சொல்லிவிட்டுப் போனார்.

தனலெட்சுமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதானா? படிச்சேங்க. தமிழ் நல்லா இருந்துச்சு" என்றார். பிறகு குனிந்து, "பாப்பா, ராட்டினம் ஏறுறியா?" என்று கேட்டார். எனக்கு உயரம் ஆகாது. அவரே அவளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று போய் வந்தார். இறங்கியதும் என் முகத்தைப் பார்த்து, "எதுக்கு எடுத்தேன்னு நீங்க கேக்கவே இல்லயே?" என்றார்.

கேட்டேன்.

"வேலைக்குச் சேந்த புதுசுல எங்க அப்பாவக் கூட்டிட்டு வந்து ஓடத்துல ஏத்துனேங்க. மக வேலை பாக்குற எடமாச்சேன்னு வெள்ள வேட்டி கட்டிட்டு வந்திருந்தாரு. அந்த எடம் வந்ததும் எல்லாரும் சிரிச்சாங்க. அப்பாவும் சிரிச்சாரு."

நான் புரியாமல் பார்த்தேன்.

"எங்க அப்பா சிரிக்கிறத நான் பாத்திருக்கேங்க. அது வேற. இது, எல்லாரும் சிரிக்கும்போது நாம சிரிக்கலேன்னா என்ன நெனப்பாங்களோன்னு சிரிச்ச சிரிப்பு. அவரு முதுகுல இருக்குது அந்தத் தழும்பு. பண்ணையில திருக்கை வாலுச் சவுக்கால வாங்குனது. மெஷின்ல ஆடுற பொம்மைய நிறுத்திட்டேன். அவரு சிரிச்சத என்ன பண்றதுன்னு தெரியல."

இதைச் சொன்னபோது அவர் குரல் உயரவில்லை. அடுத்த ஆள் ஏற வந்ததும் கம்பியை நீக்கி உட்காரவைக்கப் போய்விட்டார். நான் அருகில் போய், "இன்னொரு கட்டுரை எழுதுறேங்க. இத எழுதுறேன்" என்றேன். "எழுதுங்க" என்றார்.

எழுதவும் செய்தேன். அனுப்பவில்லை. அந்தக் குடும்பத்தின் கணக்குகள் எங்கள் கிளையில்தான் இருந்தன. முதலாளியின் மகன் வந்தால் மேலாளர் எழுந்து நிற்பார். பதவி உயர்வுக்குக் காத்திருந்த நேரம். இப்படிக் காரணங்கள் இருந்தன. அவற்றைக் காரணங்கள் என்று சொல்லவே இப்போது கூச்சமாக இருக்கிறது. அவர் அதைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மகளோடு பூங்காவுக்குப் போகும்போதெல்லாம் நலம் விசாரிப்பார். ராட்டினத்தை மேலே நிறுத்தி அவளுக்குத் தூரத்து ஆற்றைக் காட்டுவார்.

மறு வருடம் பொங்கல் கழிந்த சமயம் வங்கிக்கே போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை காலையில ஓடத்துக்கு வாங்க சார். பாப்பாவயும் கூட்டிட்டு வாங்க." குரலில் ஏதோ இருந்தது. எனக்குப் பயம். ஆடிட் இருக்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமையில் என்ன ஆடிட் என்று அவர் கேட்கவில்லை. அதனால் அன்று நடந்ததை சேகர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தனலெட்சுமி அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு, மற்றவர்களைப் போல வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியிருக்கிறார். கூட அவருடைய அப்பா. அவர்கள் தெருவில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிற பெண்கள். இரண்டு ஓடம் நிறைய ஆட்கள். அறுவடைக் காட்சி வந்ததும், சுவரிலிருந்த அவசர சுவிட்சை அழுத்தி ஓடத்தை நிறுத்தினார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அடிவாங்கியின் கட்டுகளை அவிழ்த்தார். இரண்டு பெண்கள் கைகொடுக்க, அதைத் தூக்கிவந்து ஓடத்தில் தன் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். அந்தப் பெரியவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் தோளில் போட்டாராம். கூலியாள் தோளில் துண்டு போட்டால் அடி விழுந்த காலத்தைப் பார்த்தவர் அவர்.

ஓடம் மறுபடி நகர்ந்து வெயிலுக்கு வந்தபோது, வரிசையில் நின்ற கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. ஒரு குழந்தை, "அம்மா, அடிவாங்கி ஏன் வெளிய வந்துட்டான்?" என்று கேட்டது. ஓடத்திலிருந்த ஒரு அம்மா, "அவனுக்கு இன்னிக்கு லீவு கண்ணு" என்றார். முதலில் சிரித்தது தனலெட்சுமியின் அப்பாதான் என்று சேகர் சொன்னார். "அப்படி ஒரு சிரிப்பு சார். அவருக்கு இருமலே வந்துடுச்சு."

சொத்துக்குச் சேதம் விளைவித்ததாகப் புகார் கொடுத்தார்கள். தனலெட்சுமியைக் காவல் நிலையத்தில் உட்காரவைத்தார்கள். மத்தியானம் சேகர் என் வீட்டுக்கு ஓடிவந்தார். "சார், நீங்க ஒரு வார்த்த சொன்னா சின்ன முதலாளி கேப்பாரு. நீங்க எழுதுனதாலதான திருப்பி வச்சாரு?" நான் சட்டையைக்கூட மாட்டினேன். பிறகு, "நாளைக்கு பேங்குக்கு வருவாரு, பாத்துப் பேசுறேன்" என்றேன். சேகர் சைக்கிளைத் திருப்பினார். சாயங்காலம் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் போய்ப் பேசி அவரை அழைத்துவந்தார்கள். வேலை போய்விட்டது. மறுநாள் நான் முதலாளியின் மகனிடம் வட்டி விகிதத்தைப் பற்றிப் பேசினேன்.

அதற்குப் பிறகு அடிவாங்கியை அவர்கள் மறுபடி கட்டவில்லை. கட்டினால் யாராவது அவிழ்த்துவிடுவார்கள் என்று பயந்திருக்கலாம். சில வருடங்களில் கூட்டம் குறைந்து பூங்காவை மூடினார்கள். இப்போது அது மனைப் பிரிவு. தனலெட்சுமி மன்னார்குடியில் பட்டறை போட்டார். வேளாங்கண்ணி, நாகூர், திருவாரூர் என்று எந்த ஊர்த் திருவிழாவில் ராட்டினம் சுற்றினாலும் ஏதாவது ஒரு உதிரி பாகம் அவர் கை பட்டதாக இருக்கும். நான் ஓய்வு பெற்ற பிறகுதான் வெட்கத்தை விட்டு அங்கே போய்ப் பார்த்தேன். "வாங்க சார், டீ சாப்பிடுங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவ்வளவுதான். அதிலிருந்து மாதம் ஒருமுறையாவது போய்வந்தேன்.

சென்ற வருடம் ஃபேஸ்புக்கில் யாரோ அந்தப் பழைய கட்டுரையைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். 'அடிவாங்கியை நினைவிருக்கிறதா?' என்ற கேள்விக்குக் கீழே நூற்றுக்கணக்கானவர்கள் உருகியிருந்தார்கள். பொற்காலம், எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார்கள், யார் கண் பட்டதோ. தனலெட்சுமியே எனக்குப் போன் செய்தார். "உங்க கட்டுரை மறுபடி ஓடுதுங்க சார்" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்தப் பக்கத்திலேயே, உண்மையில் நடந்ததை எழுதலாம் என்று கைப்பேசியை எடுத்தேன். நாலு வரி தட்டி அழித்தேன். இத்தனை பேருடைய சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறுபது வயதுக்கு மேலும் எனக்குக் காரணம் கிடைத்துக்கொண்டேதான் இருந்தது.

கடைசியாக அவரைப் பார்த்தது மருத்துவமனையில். கையில் ஊசி குத்திய இடங்கள் கறுத்திருந்தன. வழக்கம்போல மகளைப் பற்றி விசாரித்தார். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஏதோ வேடிக்கை சொல்லிச் சிரிக்கவைத்தார். கிளம்பும்போது தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன். "நான் உங்களுக்குப் பண்ணினதுக்கெல்லாம் என்ன மன்னிச்சிட்டீங்களா?"

கோபமா என்று முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை.

"கோவம் எப்பவோ போயிடுச்சுங்க. உங்க கூட உக்காந்து டீ குடிக்கிறேன், பேசுறேன், அதெல்லாம் மனசாரத்தான். ஆனா மன்னிப்ப மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க. அத நான் குடுத்துட்டா நீங்க நிம்மதியாப் போய்ப் படுத்துக்குவீங்க. இன்னும் கொஞ்ச நாளு முழிச்சிருங்க சார்."

அன்று நான் மன்னார்குடி போய்ச் சேர்ந்தபோது அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ராட்டினம் வைத்திருப்பவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து நின்றார்கள். மாலையை வைத்துவிட்டு, கைகூப்பி நின்றேன். இனி அவரிடம் கேட்க வழியில்லை. அவர் எனக்குத் தராமல் போன அந்த மன்னிப்பைத்தான் நான் அவர் நினைவாக வைத்திருக்கிறேன். வேறு யாரிடமும் அதைக் கேட்டு வாங்கித் தீர்த்துக்கொள்ளப் போவதில்லை.