கைக்கிற வேரும் செல்வம் அண்ணையும்

போன சனிக்கிழமை டுசல்டோர்ஃபில் ஓர் ஆசியக் கடைக்கு அரிசி வாங்கப் போனேன். யாரோ வேர்ப்பட்டைப் பையைப் பிரித்திருக்க வேண்டும். ஈர மண்ணும் பழைய மரமும் கலந்த மணம். அரிசியை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். வேரோடு கோபித்துக்கொண்டு கடையை விட்டு ஓடிய ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சிரிக்காதீர்கள்.

பல வருசத்துக்கு முன் ஜெர்மனியின் பீலெஃபெல்டில் நாங்கள் சில பேர் ஒரே வீட்டில் இருந்தோம். கக்கூஸ் ஒன்றுதான். காலையில் அதன் கதவை உடைக்கிற மாதிரித் தட்டுகிறவர் செல்வம் அண்ணை, உணவகத்தில் என்னோடு கோப்பை கழுவியவர். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு; அடக்க முடியாது.

"டேய், உள்ளுக்கை குடும்பமே நடத்துறாய்? வெளிய வா!"

ஒருநாள் உள்ளேயிருந்து அவரே கூப்பிட்டார். "இஞ்சை வந்து பார், பியர் மாதிரி நுரைக்குது!"

சிரித்தார். நானும் சிரித்தேன், மடையன். டாக்டர் சிரிக்கவில்லை. சீனி சிறுநீரகத்தைக் கெடுக்கத் தொடங்கிவிட்டது, நுரை அதனால்தான் என்றார். காலையும் இரவும் விழுங்குகிற குளிசையைக் கூட்டினார்.

பிறகு ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு வீட்டில் யாரோ அண்ணைக்குச் சீன மூலிகை பற்றிச் சொல்ல, வேர்ப்பட்டைப் பை ஒன்று வந்து சேர்ந்தது. அதில் சீன எழுத்து. எங்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. அண்ணை அவித்து ஒரு வாய் குடித்தார். முகம் கோணிப்போனது.

"ஐயோ, பாவக்காய் தோத்துப்போகும்! இந்தக் கைப்புக்கு முன்னால சீனி நிக்குமே?"

எங்கள் ஆட்களின் வைத்தியம் இவ்வளவுதான். சீனிக்கு எதிரி கைப்பு. கூடக் கைத்தால் கூட மருந்து. கறுப்பாகும்வரை அவித்தார். குளிசை கைக்கவில்லை, ஆகவே அலுமாரிக்குள் போனது. கஷாயம் குடித்த துணிவில் தேத்தண்ணிக்குள் சீனியையும் அள்ளிப் போட்டார்.

"டாக்டரிட்டைக் கேட்டனீங்களோ, அண்ணை?"

"அவருக்கு வேரைப் பற்றி என்ன தெரியும்? அடுத்த டெர்மினுக்கு நுரையில்லாமப் போறன், பார்."

டாக்டர் நாள் குறித்துக் கொடுத்த அந்த டெர்மினுக்கு அவர் போகவேயில்லை. ஒரு காலை அறையை விட்டு வந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் வீங்கிக் கண் மூடியிருந்தது. "சப்பாத்து போட ஏலாமக் கிடக்கு," என்றார். கால் தூண் மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நான் கொண்டுபோன பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதில் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். வேர் கெடுத்ததா, குளிசையை விட்டது கெடுத்ததா என்று அவராலும் சொல்ல முடியவில்லை. சிறுநீரகம் இரண்டும் முடிந்துவிட்டன என்றார். சீன வைத்தியர் ஒருவர் நாடி பார்த்து, அளந்து கொடுத்திருந்தால் அது வேறு கதை. அண்ணையின் நாடியை ஒருவரும் பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து டயாலிசிஸ். கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய அன்று பின்னேரம் அவர் என் வீட்டுக்கு வந்திருந்தார். அவருக்கு அளந்து விட்ட அரைக் கோப்பைத் தேத்தண்ணியை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தார். நெடுநேரம் இருந்தார். பாத்ரூம் அந்தப் பக்கம் என்று காட்டினேன்.

"எனக்கு ஏன்ராப்பா அது? ஒண்டுக்குப் போறது நிண்டு கன காலம்."

என் வீட்டில் இப்போது கக்கூஸ் இரண்டு. கதவில் தட்ட ஆளில்லை.