மாஸ்டரின் கடிகாரம், மனைவியின் கை

ரொட்டிக்கடை மாஸ்டருக்கு மாப்பிள்ளை ஒரு கைக்கடிகாரம் பரிசளித்திருந்தார். தங்க விளிம்பு, வெள்ளை முகம், கறுப்புத் தோல்வார். சட்டைக் கைக்குள் சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும் அளவுக்கு மெல்லியது. வேலையில் கட்ட முடியாது. முழங்கை வரை மாவு. அதனால் கைக்குட்டையில் சுற்றிப் பீரோவில் வைத்தார்.

வெளியே கிளம்பும்போது எடுத்தால் ஒவ்வொரு தடவையும் நின்றிருக்கும். ஆசையாகக் கொடுத்தது பழுது என்று மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அவர் மனம் சுருங்கிவிடுமே. ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் வருவதாக இருந்தது. அதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று வாட்ச் ரிப்பேர்காரரிடம் ஓடினார்.

அவர் லேசாக ஆட்டிக் காதில் வைத்துப் பார்த்தார். “இதுக்கு ஒரு குறையும் இல்ல. இது ஆட்டோமேட்டிக், மாஸ்டர். கை ஆடினாதான் ஓடும். நீங்க தூங்கப் போட்டீங்க, தூங்குது.”

“நான் மாவு பிசையற ஆளாச்சேப்பா!”

“அப்போ கை ஓயாத வேற ஆளப் புடிங்க.”

மாஸ்டரின் மனைவிக்குத் துணிக்கடையில் வேலை. விரிப்பது, இழுத்து அளப்பது, மறுபடி மடிப்பது என்று நாள் முழுக்க அவர் கை ஓயாது. மறுநாளே அவர் கட்டிக்கொண்டு போனார். மணிக்கட்டில் தொளதொளவென்று சுற்றியதால் தோல்வாரில் புதிதாக ஒரு துளை போட வேண்டியிருந்தது.

“என்னக்கா, வீட்டுக்காரர் வாட்ச்சப் பறிச்சிட்டீங்களா?” என்றாள் உடன் வேலை செய்பவள்.

“அடி போடி. அவரு வாட்ச்ச ஓட வைக்கிற வேலையத்தான் நான் பாக்குறேன்.”

ஞாயிறன்று இஸ்திரி போட்ட சட்டையும் ஓடும் கடிகாரமுமாக மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை அவர் கையைப் பிடித்துப் பார்த்தார்.

“என்ன மாமா, வார்ல புது ஓட்டை? இளைச்சிட்டீங்களா?”

“அப்பாவா? அந்தச் சட்டைப் பொத்தான்கிட்ட கேளுங்க!” என்றாள் மகள்.

மாஸ்டர் வாரைத் தடவிக்கொண்டார். பொய் வரவில்லை. “பீரோல வச்சா நின்னுடுது மாப்ள. அதான் உங்க அத்தை கட்டிட்டுப் போறா. தப்பா எடுத்துக்காதீங்க.”

“தப்பு என்னுது மாமா. உங்க வேலைய யோசிக்காம வாங்கிட்டேன். உள்ள வாட்ச்ச வச்சா நிக்காம கரண்ட்ல சுத்திவிடற பெட்டி விக்குது, வாங்கித் தரேன்.”

அடுப்படியிலிருந்து மாமியாரின் தலை நீண்டது. “பெட்டி எதுக்கு மாப்ள? கடைல மணி பாக்க எனக்கும் ஒண்ணு வேணாமா?”

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். “அப்போ இது ரெண்டு பேருக்கும்தான் அத்தை.”

இப்போதெல்லாம் மாஸ்டர் வேலை முடிந்து குளித்துவிட்டுத் துணிக்கடை வாசலில் போய் நிற்கிறார். மனைவி கழற்றித் தருகிறார். மாஸ்டர் அதைத் தம் துளையில் மாட்டிக்கொள்ளும்போது மனைவியின் கைச்சூடு அதில் இன்னும் இருக்கும். யாராவது மணி கேட்க மாட்டார்களா என்று கையைச் சற்று முன்னால் நீட்டியபடியே கடைத்தெருவில் மனைவியோடு நடக்கிறார்.