கார் பார்க்கில் நின்ற தம்பி

செத்த வீட்டுக்குப் போனால் அழுகைச் சத்தம் உள்ளேயிருந்துதான் வரும். போன மாதம் நான் போன ஒன்றில், அழுதவர் வெளியே நின்றார்.

மொன்றியலை ஒட்டிய லவாலில் ஒரு தகனசாலை. கார் பார்க் முழுக்க உருகியும் உருகாத ஸ்னோ, உப்புக் கலந்த சேறு. அதற்குள்ளே, மொன்றியல் குளிருக்கு எந்த விதத்திலும் போதாத ஓர் இங்கிலாந்துக் கோட்டோடு, இறந்தவரின் சொந்தத் தம்பி. உள்ளே அண்ணனுக்குப் பிரார்த்தனை. தம்பி உள்ளே வரமாட்டாராம்.

சொத்துத் தகராறா? இல்லை. பழைய கோபமா? அதுவும் இல்லை. இருவரும் உயிருக்குயிரான சகோதரர்கள். அண்ணனை என்ன ஆளாக அனுப்பிவைப்பது என்பதுதான் பிரச்சினை.

முதலிலிருந்தே சொல்கிறேன்.

மொன்றியலின் வில்லரேயில் நாங்கள் இருப்பது மேல் வீடு. கீழ் வீட்டில் சத்னாம் சிங், அவர் மனைவி குல்விந்தர், பல்கலைக்கழகம் போகும் மகள் ஜஸ்லீன். கணவன் மனைவி இருவரும் இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த சீக்கியர்கள். நடு இங்கிலாந்தில் ஒரு தொழிற்சாலை நகரம். மகள் கைக்குழந்தையாக இருக்கும்போது இங்கே வந்துவிட்டார்கள். சத்னாமுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. குல்விந்தர் பக்கத்துக் கார்டெரியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். நானும் அவரும் ஆங்கிலத்தில்தான் கதைப்போம்... அவருடையது அசல் இங்கிலாந்து, என்னுடையது அசல் யாழ்ப்பாணம். ஆனாலும் எப்படியோ விளங்கிவிடும்.

சத்னாமைப் பற்றி இரண்டு விஷயம் சொன்னால் போதும். ஸ்னோ கொட்டினால் தன் வாசலோடு சேர்த்து எங்கள் இரும்புப் படியையும் வழித்துவிடுவார். கேட்க வேண்டியதில்லை. நன்றி சொன்னால் வெட்கப்படுவார். இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை என்றால் குருத்வாராவின் பொதுச் சமையலறை. வருகிற எல்லோருக்கும் அங்கே சாப்பாடு போடுவார்கள் இல்லையா, லங்கர் என்று? அங்கே காலையிலிருந்து ரொட்டி சுடுவது இவர்தான். வீட்டில் முட்டை பொரிக்கக்கூடத் தெரியாது என்று குல்விந்தர் சிரிப்பார்.

பெப்ரவரிக் கடைசியில் அப்படித்தான் ஒரு காலை, கையில் ஸ்னோ வழிக்கும் சவலோடு வாசலில் சாய்ந்தார். எழும்பவில்லை.

நான் போய் குல்விந்தர் பக்கத்தில் இருந்தேன். வேறென்ன செய்ய? தேத்தண்ணி போட்டேன். போன் வந்தால் எடுத்தேன். வருகிறவர்களின் சப்பாத்துகளை ஓரமாக ஒதுக்கி வைத்தேன்.

அப்படியொரு போன் இங்கிலாந்திலிருந்து வந்தது. குல்விந்தரின் அண்ணன். இருபது வருடத்துக்கு மேலாக இந்த வீட்டோடு பேசாத அண்ணன். குல்விந்தர் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார்.

"கேள்விப்பட்டோம். அம்மா அழுதுகொண்டே இருக்கிறாள். வீடியோவில் பார்ப்பாள், லிங்க் அனுப்பு" என்றார் அண்ணன்.

"அனுப்புகிறேன். அப்பா?"

அண்ணன் அதைத் தாண்டிப் போனார். "இன்னொரு விஷயம்... மரண அறிவித்தலில் எங்கள் குடும்பப் பெயரைப் போடாதே. என் மகளுக்கு இப்போதுதான் சம்பந்தம் பேசுகிறோம்."

குல்விந்தர் "சரி" என்றார். அவ்வளவுதான். போனைக் கவிழ்த்து வைத்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "இதைச் சொல்லத்தான் எடுத்தான். துக்கம் கேட்பது சும்மா முன்னுரை" என்றார்.

எனக்கு விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்குத்தான் சொன்னார். அவர் வீட்டார் நிலம் வைத்திருந்த சாதி. சத்னாமின் வீட்டார், பரம்பரையாகத் தோல் வேலைக்குத் தள்ளப்பட்டவர்கள். இரண்டு குடும்பமும் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய் ஒரே வார்ப்பாலையில் ஒரே உலையின் முன்னால் வெந்தவை. ஆனால் அந்த நகரத்தில் ஒரே ரோட்டில் மூன்று குருத்வாரா. நிலக்காரருக்கு ஒன்று, தச்சருக்கு ஒன்று, சத்னாமின் ஆட்களுக்கு ஒன்று.

சீக்கியத்தில் சாதி இல்லை என்றுதானே படித்தோம்? எல்லோரும் சிங், எல்லோரும் ஒரே பந்தியில் என்று? நூலில் அப்படித்தான் இருக்கிறது. நூலில் எல்லாச் சமயமும் நல்ல சமயம்தான்.

இரண்டு நாள் கழித்து சத்னாமின் தம்பி பல்வீர் வந்து இறங்கினார். அண்ணனின் அதே முகம். தலைப்பாகை மட்டும் இல்லை. நேராகக் குசினிக்கு வந்து, "பாபி" என்று அண்ணியைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுது முடித்துவிட்டுச் சொன்னார்: "பாபி, அண்ணனை எங்கள் முறைப்படிதான் அனுப்ப வேண்டும்."

எங்கள் முறை என்றால்? இங்கிலாந்தில் அவருடைய ஆட்களில் பலர் இப்போது தங்களைச் சீக்கியர் என்று சொல்வதில்லையாம். தங்கள் சாதியில் பிறந்த ஒரு ஞானியையே குருவாக வைத்து, தனிச் சமயமாகப் பிரிந்துவிட்டார்கள். நூல் வேறு, கொடி வேறு. அந்த ஞானியின் பாடல்கள் சீக்கியரின் புனித நூலுக்குள்ளேயும் இருக்கின்றன. பாடலை உள்ளே வைத்துக்கொண்டார்கள், எங்களைத்தான் வைத்துக்கொள்ளவில்லை — இது பல்வீர் சொன்னது.

"அவர் ஒவ்வொரு காலையும் கண்ணாடி முன் நின்று தலைப்பாகை கட்டினார். சீக்கியனாகத்தான் செத்தார். அதை நான் எப்படி மாற்றுவது?" என்றார் குல்விந்தர்.

"அந்தத் தலைப்பாகை அவனுக்கு என்ன கொடுத்தது?"

"பல்வீர்..."

"கேளுங்கள் பாபி. எங்களுக்குப் பத்து, பன்னிரண்டு வயது இருக்கும். குருவின் பிறந்தநாள். அம்மா பெரிய பானை நிறையப் பாயசம் காய்ச்சினாள். நானும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெரிய குருத்வாராவின் சமையலறைக்குத் தூக்கிப் போனோம். அங்கிருந்த பெண்கள் சிரித்தபடி வாங்கிக்கொண்டார்கள். பந்தியில் இருந்து பார்த்தோம். எல்லாம் வந்தது, அம்மாவின் பாயசம் வரவில்லை. பானையைத் திருப்பி வாங்கப் பின்பக்கம் போனோம். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் ஊற்றியிருந்தது. பானையைக்கூடக் கழுவவில்லை. அண்ணன்தான் குழாயடியில் கழுவினான். அம்மாவிடம், எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள் என்றான்."

ஜஸ்லீன் கதவடியில் நின்றாள்.

குல்விந்தர் மெதுவாகக் கேட்டார். "எந்தக் குருத்வாரா?"

பல்வீர் ரோட்டின் பெயரைச் சொன்னார். "கடிகாரக் கோபுரத்துக்குப் பக்கத்தில்."

"அது என் தாத்தா கமிட்டியில் இருந்த இடம். அந்தச் சமையலறையில் என் அம்மா, பெரியம்மா எல்லோரும்..."

"தெரியும் பாபி. அவனுக்கும் தெரியும்."

"எனக்கு ஏன் சொல்லவில்லை? இத்தனை வருடம்... ஒரு நாள்கூட?"

"நானும் கேட்டேன், கல்யாணத்துக்கு முதல் நாள். 'எனக்கு வேண்டியது மனைவி. என்னைப் பார்க்கும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்கிற ஆள் வேண்டாம்' என்றான்."

குல்விந்தர் எழுந்து குழாயைத் திறந்தார். கழுவுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் போய் மூடினேன்.

இதற்குப் பிறகு அவர் கொழுந்தனாரின் பக்கம் சாய்ந்துவிடுவார் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இவ்வளவுக்குப் பிறகும் அவர் விட்டுப் போகவில்லையே பல்வீர். செத்த பிறகு நான் எப்படி அவரை வெளியே எடுப்பேன்?"

"வெளியே போட்டது நாங்கள் இல்லை பாபி."

"தெரியும். இப்போது தெரியும்."

இரண்டு பேர் சொன்னதிலும் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. அதுதான் பெரிய துயரம். ஒருவர் பிழை என்றால் மற்றவருக்குப் பக்கத்தில் போய் நிற்கலாம்.

ஆக, சனிக்கிழமை லவாலில் சீக்கிய முறைப்படியே பிரார்த்தனை. பல்வீர் பெட்டிக்குத் தோள் கொடுத்தார். மண்டப வாசல்வரை வந்தார். அங்கே நின்றுவிட்டார். பிறகு கார் பார்க்.

எனக்கு உள்ளே இருக்க முடியவில்லை. வெளியே போய் அவருக்கு என் கம்பளிச் சால்வையை நீட்டினேன். வாங்கிக்கொண்டார், போர்க்கவில்லை. கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அப்போது குருத்வாராவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் கிட்ட வந்தார். நல்ல மனிதர். முகத்தில் உண்மையான இரக்கம். பல்வீரின் தோளில் கை வைத்து, "உள்ளே வா மகனே, குளிர்" என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆறுதலாகப் பேச்சுக் கொடுக்க நினைத்தாரோ என்னவோ, "பஞ்சாபில் உங்களுக்கு எந்தக் கிராமம்?" என்று கேட்டார்.

நம்மவர்களுக்கு இந்தக் கேள்வியை நான் விளக்க வேண்டுமா? "ஊரிலை எவடம்?" என்று தொடங்கி, "கோயிலுக்கு இஞ்சாலையோ அங்காலையோ?" என்று போய், "அப்ப இன்னாரைத் தெரிஞ்சிருக்குமே" என்று முடியும் அதே கேள்விதான். யாழ்ப்பாணத்தில் அது சாதி விசாரணை. மொன்றியலில் அதற்குப் பெயர் நலம் விசாரிப்பு.

பல்வீருக்கு எங்கோ ஒன்று உடைந்தது. கிராமத்தின் பெயரைச் சொன்னார். "ஊருக்கு வெளியே இருக்கிற பக்கம்" என்றார். பிறகு தன் சாதியின் பெயரைச் சத்தமாகச் சொன்னார். "நான் மட்டும் இல்லை. உள்ளே படுத்திருக்கிறவரும் அதுதான். இத்தனை வருடம் உங்களுக்கு ரொட்டி சுட்டுப் போட்ட கையும் அதுதான்."

படியில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவரின் கை தோளிலேயே இருந்தது. அதை எடுப்பதா வைத்திருப்பதா என்று அவருக்கே தெரியவில்லை. எடுத்தால் ஓர் அர்த்தம் வந்துவிடும், வைத்திருந்தாலும் வந்துவிடும்.

அந்த நேரம் ஜஸ்லீன் வெளியே ஓடிவந்தாள். கோட் இல்லை. சேற்றுக்குள் மெல்லிய சப்பாத்து. அவளுக்கு வாயில் முதலில் வருவது பிரெஞ்சுதான். "சாச்சா, வியான்... வா" என்று சித்தப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "பெட்டியை உலைக்குள்ளே தள்ளச் சொல்கிறார்கள். என்னால் தனியே முடியாது."

பல்வீர் போனார். சமயத்துக்காக அல்ல, குருவுக்காகவும் அல்ல. சேற்றில் நின்ற ஒரு பிள்ளைக்காக. இருவரும் சேர்ந்து பெட்டியில் கை வைத்துத் தள்ளினார்கள். அவர் வாய் எதையோ முணுமுணுத்தது. எந்த நூலில் உள்ளதோ எனக்குத் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

இங்கே முடிந்திருந்தால் நல்ல கதையாக இருந்திருக்கும். வாழ்க்கைக்கு எங்கே முடிப்பது என்று தெரிவதில்லையே!

பல்வீர் குருத்வாராவில் நடந்த சாப்பாட்டுக்கு வரவில்லை. அடுத்த பிளைட்டில் போய்விட்டார். குல்விந்தரின் அம்மா வீடியோவை முழுவதும் பார்த்தாரா என்பதும் தெரியாது. அந்தப் பக்கத்திலிருந்து பிறகு ஒரு போனும் வரவில்லை.

குல்விந்தரோடு ஞாயிறுகளில் காரில் தொற்றிக்கொண்டு குருத்வாராவுக்கு வரும் ஒரு பெண் இருந்தார். பார்க் எக்ஸ்டென்ஷனில் வீடு. போன வாரம் அவர், "இனி நான் மெட்ரோவிலும் பஸ்ஸிலும் போகிறேன், வெயில் நன்றாக இருக்கிறதே" என்றாராம். மார்ச் மாத மொன்றியலைப் பார்த்து வெயில் நன்றாக இருக்கிறது என்று சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

"அவள் உண்மையாகவே வெயிலுக்காகச் சொல்லியிருக்கலாம்" என்றார் குல்விந்தர். "ஒரு விதவையைத் தொந்தரவு செய்யக்கூடாது என்றும் நினைத்திருக்கலாம். எனக்குத் தெரியாது. அதுதான் பிரச்சினை. இனி யார் என்னைப் பார்த்துச் சிரித்தாலும், தெரிந்து சிரிக்கிறார்களா, தெரியாமல் சிரிக்கிறார்களா என்று யோசிப்பேன். சத்னாம் வாழ்க்கை முழுக்க இப்படித்தான் யோசித்திருப்பார், இல்லையா? பக்கத்தில் படுத்திருந்த எனக்குத் தெரியவில்லையே."

நிலக்காரச் சாதியில் பிறந்த பெண், கணவன் போன பிறகுதான் அவருடைய வாழ்க்கைக்குள் குடிபோயிருக்கிறார்.

அவர் இப்போது குருத்வாராவுக்குப் போவதில்லை. விட்டுவிடவும் இல்லை. ஞாயிறு காலையில் உடுத்திக்கொண்டு தயாராகி, காரில் ஏறி இருப்பார். பிறகு இறங்கி உள்ளே வந்துவிடுவார். மேலே ஜன்னலில் இருந்து எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்வதாக இல்லை. ஆனால் நேற்று, சந்தியில் உள்ள தெப்பனர் கடையில் பால் வாங்க நின்றபோது, பக்கத்துக் கட்டடத்துத் தேவி அக்கா பிடித்துக்கொண்டார். லவால் கார் பார்க் கதை எப்படியோ அவர் காதுக்கும் எட்டிவிட்டது.

"பிள்ளை, அந்தச் சிங் ஆக்களுக்குள்ளையும் எங்களைப்போலை... அது இருக்காமே? மெய்யோ?"

"ஓம் அக்கா. மெய்தான்."

"லண்டன் பக்கம் போயும் விடேல்லையோ?"

"விடேல்லை அக்கா."

தேவி அக்கா நெஞ்சில் கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டார். "அப்பாடா! நான் உது எங்களிட்டை மட்டும்தான் எண்டெல்லோ நினைச்சுக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தனான்."

செத்த வீட்டுச் செய்தியில் இப்படியொரு ஆறுதல் கிடைத்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.